உயில் பதிவு செய்தால் போதுமா? தாலி இல்லாமல் சேர்ந்து வாழும் மூத்தவர்களும் வீடும்

மாடிவீடு | 2025 நவம்பர் 8, காலை 7.15

அறுபதைத் தாண்டிய இரண்டு பேர். அவர் மனைவியை இழந்தவர், இந்த அம்மா கணவரை இழந்தவர். பத்து வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. தாலி இல்லை, பதிவும் இல்லை. வீடு அவர் சுயமாக வாங்கியது, அவர் பேரில் இருக்கிறது. அவருக்கு முதல் மனைவி வழியில் இரண்டு மகன், ஒரு மகள். என் கட்சி இதுதான்: அவர் அந்த அம்மா பேருக்கு ஒரு உயில் எழுதிப் பதிவு செய்துவிட்டால் பிள்ளைகள் ஒன்றும் செய்ய முடியாது. மறுப்பவர்கள் வரலாம்.

கிரயம் | நவம்பர் 8, காலை 9.40

மறுக்கத்தான் வந்தேன். உயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் போதாது.

சார்பதிவாளர் ஆபீஸில் கிரயம், செட்டில்மென்ட், அடமானம் எல்லாம் 1ஆம் புத்தகத்தில் ஏறும். உயில் 3ஆம் புத்தகம். நீங்கள் போடும் வில்லங்கச் சான்று 1ஆம் புத்தகத்தைத்தான் பார்க்கும். பதிவான உயிலாகவே இருந்தாலும் வில்லங்கத்தில் ஒரு வரிகூட வராது.

இப்போது அவர் போய்விட்டார் என்று வையுங்கள். பிள்ளைகள் இறப்புச் சான்று வாங்கி வாரிசுச் சான்றுக்கு மனு போடுகிறார்கள். விஏஓ விசாரணை, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) அறிக்கை, தாசில்தார் கையெழுத்து என்று போய், மூன்று பிள்ளைகள் பேரோடு சான்று வந்துவிடும். அந்த அம்மா பேர் அதில் வரவே வராது, ஏனென்றால் அவர் சட்டப்படி மனைவி இல்லை. அந்த ஒரு தாளை வைத்து வீட்டு வரி, ஈபி, பட்டா மூன்றையும் மாற்ற மனு போடலாம். வாங்க வருகிறவன் முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்ப்பான், சுத்தமாக இருக்கும். அட்வான்ஸ் கைமாறிவிடும். உயில் பீரோவுக்குள் தூங்கும். அந்தப் பீரோ சாவி யார் கையில் என்பது அடுத்த கேள்வி.

மாடிவீடு | நவம்பர் 8, காலை 9.58

உயில் இருக்கும்போது விற்றால் அந்த விற்பனை செல்லாதே?

கிரயம் | நவம்பர் 8, காலை 10.20

செல்லாதுதான். ஆனால் செல்லாது என்று சொல்லவைக்க வழக்குப் போட வேண்டியவர் யார்? எழுபது வயதில், வெளியே நின்றுகொண்டு, அந்த அம்மா.

உள்ளே உட்கார்ந்து வழக்கு நடத்துவதும் வெளியே நின்று நடத்துவதும் ஒன்றல்ல. நான் சொல்ல வருவது அவ்வளவுதான். உரிமைக்கு ஒரு காகிதம், சுவாதீனத்துக்கு, அதாவது வீடு கைவசம் இருப்பதற்கு, இன்னொரு காகிதம், இரண்டும் வேண்டும்.

மணல்மேடு | நவம்பர் 8, காலை 11.02

12 வருஷம் இருந்தால் வீடு சொந்தமாகிவிடும் என்பார்களே. இன்னும் ரெண்டு வருஷம் தள்ளினால் முடிந்தது.

கிரயம் | நவம்பர் 8, காலை 11.10

இதை ஒழிக்க ஒரு தனிச் சட்டமே போடலாம். எதிரிடை அனுபவம் என்றால் உரிமையாளரை எதிர்த்து, அவருக்குத் தெரியும்படி அனுபவித்திருக்க வேண்டும். அவர் அனுமதியோடு, அவர் கூடவே, அவருக்கு ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தது எதிரிடை அனுபவம் ஆகாது. 12 அல்ல, 40 வருஷம் இருந்தாலும் ஆகாது. 2012இல் மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிள்ளைகளின் வக்கீல் முதல் வேலையாகக் காட்டுவார்: அன்பின் பேரில் இலவசமாகத் தங்கவைக்கப்பட்டவருக்கு, எத்தனை காலம் தங்கினாலும் சொத்தில் பாத்தியதை வராது.

நேர்காணல் | நவம்பர் 8, மாலை 6.30

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். இவர்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் பாதிப் பேர் விஷயத்தில் பதில் ஒன்றுதான்: குடும்ப ஓய்வூதியம். மறுமணம் ஆனால் அது நின்றுவிடும். மத்திய அரசு விதியில் பிள்ளை இல்லாத விதவைக்கு, வேறு வருமானம் குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால், மறுமணத்துக்குப் பிறகும் தொடரும். பிள்ளை உள்ளவருக்கு அந்தச் சலுகை இல்லை. கருவூலத்தில் மறுமணம் செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, தெருவில் இருவரும் கணவன் மனைவி என்று சொல்லிக்கொள்கிறார்கள். பிழைப்பு அப்படி.

கிரயம் | நவம்பர் 8, இரவு 9.45

'நேர்காணல்' ஐயா தொட்ட இடம் முக்கியமானது.

நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தால் திருமணம் நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். 1978இல் பத்ரி பிரசாத் வழக்கில் ஐம்பது வருஷச் சேர்வாழ்வை அப்படித்தான் ஏற்றார்கள். ஆனால் அது மறுத்து நிரூபிக்கக்கூடிய அனுமானம். மறுக்க என்ன வேண்டும்? அந்த அம்மாவே வருஷா வருஷம் கையெழுத்துப் போட்ட மறுமணம் செய்யாமைச் சான்று போதும். எதிர்த்தரப்பு வக்கீல் கருவூலத்திலிருந்து அதன் நகலை வரவழைத்து, குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி கேட்பார்: இதில் பொய் எழுதினீர்களா, இல்லை இப்போது பொய் சொல்கிறீர்களா? எந்தப் பதில் சொன்னாலும் நஷ்டம். ஒன்றில் வீடு போகும், மற்றதில் ஓய்வூதியம் போகும், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸும் வரும்.

அதனால் ஓய்வூதியம் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் எந்தக் காகிதத்திலும் 'மனைவி' என்று எழுதக்கூடாது. உயிலிலும் கூடாது. 'என்னுடன் வசித்து என்னைப் பராமரித்து வரும்' என்று எழுதுங்கள். அதற்குக் குறைவாகவும் வேண்டாம், கூடுதலாகவும் வேண்டாம்.

கிரயம் | நவம்பர் 8, இரவு 10.05

விட்டுப்போனது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் 'திருமணத்தை ஒத்த உறவு' இருக்கிறதே, குடியிருக்கும் உரிமை கிடைக்காதா என்று யாராவது கேட்பீர்கள். 2010இல் வேலுசாமி வழக்கில் அதற்கு நிபந்தனைகள் சொன்னார்கள்: சமூகத்தில் தம்பதியாகக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், இருவரும் சட்டப்படி மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். விதவையும் மனைவியை இழந்தவரும் என்றால் பொருந்தும். முதல் மனைவி உயிரோடு இருந்தால் பொருந்தாது. ஆனால் வீட்டுக்காரர் இறந்த பிறகு, அந்த வீட்டில் ஒருநாளும் கூட வாழாத பிள்ளைகள் மேல் அதைக் கொண்டுபோவது இழுபறி. ஆண் துணைக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

மாடிவீடு | நவம்பர் 9, காலை 6.50

சரி, தோற்றேன். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். வீட்டையே அந்த அம்மாவுக்கு இப்போதே செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் கொடுக்கும் பத்திரம், எழுதிவிட்டால்?

கிரயம் | நவம்பர் 9, காலை 8.30

செலவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலை முதல் இதுதான். துணையாக வாழ்பவர் அந்தக் 'குடும்பத்தில்' இல்லை. அவருக்கு வழிகாட்டி மதிப்பில் 7 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் கட்டணம். 40 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு மகனுக்கு எழுதினால் 50,000, இந்த அம்மாவுக்கு எழுதினால் 3,60,000.

செலவை விடுங்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லாமல் முழுசாக அந்த அம்மாவுக்கு எழுதினால் சண்டை நிச்சயம். மூத்தவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் சொத்து இல்லை, சாகும்வரை கூரை. அப்படியானால் ஆயுட்கால அனுபவம் மட்டும் அந்த அம்மாவுக்கு, அதற்குப் பிறகு முழு உரிமை பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கும் முடிவில் வீடு வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பகை அடங்கும்.

இதில் ஒரு வழக்கமான பயம் உண்டு. பெண்ணுக்குக் கொடுத்த ஆயுட்கால உரிமை இந்து வாரிசுரிமைச் சட்டம் 14(1)இன்படி முழு உரிமையாக மாறிவிடாதா? மனைவி என்றால், ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்தது என்று சொல்லி அப்படி மாற வாய்ப்புண்டு. துணைக்கு அப்படி முன்பே இருந்த ஜீவனாம்ச உரிமை கிடையாது. உயிலிலேயே வரம்பு போட்டுக் கொடுத்தால் 14(2), வரம்பு அப்படியே நிற்கும். தாலி இல்லாததில் பிள்ளைகளுக்கு ஆறுதல் தரும் ஒரே ஷரத்து இது.

கிரயம் | நவம்பர் 9, மதியம் 1.15

ஷரத்து எப்படி இருக்க வேண்டும் என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு, எல்லோருக்குமாக:

"மேற்படி வீட்டின் கீழ்த்தளம் முழுவதையும், கிணறு, மோட்டார், பாத்ரூம், வடபுற நடை ஆகியவற்றின் உபயோகத்தோடு, இன்னார் தம் ஆயுள் உள்ளவரை வாடகையின்றிக் குடியிருந்து அனுபவிக்க வேண்டியது. விற்கவோ அடமானம் வைக்கவோ அவருக்கு அதிகாரமில்லை. வைத்தியத்துக்காகவோ உறவினர் வீட்டிலோ வெளியூரில் தங்க நேர்ந்தாலும் மேற்படி அனுபவ உரிமை அற்றுப்போகாது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பாதிப் பேர் எழுதுவதில்லை. அந்த அம்மா இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் தங்கை வீட்டில் இருந்தால், 'காலி செய்துவிட்டார்' என்று பூட்டை மாற்றிவிடுவார்கள். மோட்டாரும் அப்படித்தான். கீழ்த்தளம் என்று மட்டும் எழுதி, மோட்டார் சுவிட்ச் மாடியில் இருந்தால், தண்ணீரை நிறுத்தியே ஆளைக் கிளப்பிவிடலாம்.

வீட்டு வரி யார் கட்டுவது, மாடி வாடகை யாருக்கு, கூரை ஒழுகினால் செலவு யாருடையது, இந்த மூன்றுக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதுங்கள். மாடி வாடகையில் முதல் செலவு வீட்டு வரி, அடுத்தது பழுது, மீதி பிள்ளைகளுக்கு என்று எழுதிவிட்டால் சிக்கல் குறையும்.

தட்டச்சு | நவம்பர் 9, மாலை 5.00

சாட்சிக் கையெழுத்தை அந்த அம்மாவின் தம்பியும் அவர் மனைவியும் போட்டால் உயில் செல்லாது. கவனம்.

கிரயம் | நவம்பர் 9, மாலை 5.35

சின்னத் திருத்தம். பயனடைபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் அந்தக் கொடை போகும் என்பது இந்திய வாரிசுரிமைச் சட்டம் 67ஆம் பிரிவு. உயில் முழுவதும் செத்துவிடாது. அந்தப் பிரிவு கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும், இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தாது. தம்பி என்பது எப்படியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன கவனம் சரி. 1959 வெங்கடாசல ஐயங்கார் வழக்கிலிருந்து, 'சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை' இருந்தால் அதை விலக்கிக் காட்டும் பாரம் உயிலைக் கொண்டுவருபவர் மேல்தான். அந்த அம்மாவே ஆவண எழுத்தரிடம் கூட்டிப்போனார், அந்த அம்மாவின் தம்பி சாட்சி, பிள்ளைகளை ஏன் ஒதுக்கினேன் என்று ஒரு வரி இல்லை, இவை மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

சாட்சி இரண்டு பேர் கட்டாயம். உயில் எழுதியவர் இறந்த பிறகு, உயிரோடு உள்ள சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். 68 வயதுக்காரர் உயிலுக்கு 75 வயது நண்பரைச் சாட்சி போடுவது நட்புக்கு அழகு, வழக்குக்கு ஆகாது. நாற்பதைத் தாண்டாத ஆளாகப் பாருங்கள். குடும்ப டாக்டர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது, அதே நாளில் மனநிலைச் சான்றும் கொடுப்பார். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி உண்டு.

கிரயம் | நவம்பர் 9, மாலை 5.50

கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு பொறி. உயில் எழுதிவிட்டுப் பிறகு கல்யாணம் செய்துகொண்டால், கல்யாணமே அந்த உயிலை ரத்து செய்துவிடும். மறுபடி எழுத வேண்டும். முஸ்லிம்களுக்கு, வாரிசுகள் சம்மதம் இல்லாமல் உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக முடியாது. வாரிசல்லாத துணைக்கு அந்த மூன்றில் ஒன்றை எழுதலாம்.

வாடகை ரசீது | நவம்பர் 11, இரவு 8.10

சொந்த வீடு இல்லாதவர்களைப் பற்றியும் பேசுங்கள். ஒப்பந்தம் அவர் பேரில். அவர் போன மறுவாரம் ஹவுஸ் ஓனர், 'நீங்க யாரும்மா?' என்று கேட்டால்?

கிரயம் | நவம்பர் 12, காலை 7.30

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வாடகைதாரர் இறந்தால் மீதிக் காலத்துக்கு உரிமை யாருக்கு என்று வரிசை இருக்கிறது: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், விதவை மருமகள். துணை இல்லை. ஆகவே ஒரே வழி, ஒப்பந்தத்திலேயே இருவரையும் வாடகைதாரர்களாகப் போடுவது. 'அவரும் உடன் வசிப்பார்' என்று எழுதினால் போதாது. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், ரென்ட் அத்தாரிட்டியில் (அந்தச் சட்டப்படி உள்ள வாடகை அதிகாரி) பதிந்து எண் வாங்க வேண்டும். பதினொரு மாதம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் மேலே சொன்னது எல்லாம் தண்ணீரில் எழுதியதுதான்.

அட்வான்ஸ்: சட்டப்படி மூன்று மாத வாடகைதான், நடப்பில் பத்து மாதம் வாங்குகிறார்கள். ரசீது யார் பேரில் இருக்கிறதோ அவர் வாரிசு வந்து கேட்பார். இருவர் கணக்கிலிருந்தும் பாதிப் பாதி அனுப்புங்கள். மாத வாடகையையும் மாறி மாறி அனுப்புங்கள். ரொக்கம் வேண்டாம்.

கிரயம் | நவம்பர் 12, காலை 7.55

இதிலிருந்தே ஒரு யோசனை, சொந்த வீட்டுக்கும். உயில் வில்லங்கத்தில் வராது என்றேன். குத்தகைப் பத்திரம் வரும். அவர் தன் வீட்டின் கீழ்த்தளத்தை அந்த அம்மாவுக்கு 15 வருஷத்துக்குப் பதிவு செய்த குத்தகையாகக் கொடுக்கலாம். 30 வருஷத்துக்குக் குறைந்த குத்தகைக்குத் தீர்வை, மொத்த வாடகையும் முன்பணமும் சேர்த்து 1 சதவீதம். மாதம் 500 என்றால் 15 வருஷத்துக்கு 90,000, தீர்வை 900 ரூபாய். வாரிசுகளையும் கட்டுப்படுத்தும், வாங்குகிறவனையும் கட்டுப்படுத்தும், வாங்குவதற்கு முன்பே அவன் கண்ணில் படும்.

மாடிவீடு | நவம்பர் 12, காலை 8.04

கூட வாழ்கிறவரிடமே வாடகையா! அந்த அம்மா சோற்றுக்கு பில் போட்டால் என்ன ஆகும்?

கிரயம் | நவம்பர் 12, காலை 8.12

அவர் திவாலாவார்.

வாடகை நிஜமாகவே வங்கி வழியாகப் போக வேண்டும். கண்துடைப்பு என்று சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. அவர் இறந்த பிறகு வாரிசுகள் வாங்க மறுத்தால் ரென்ட் அத்தாரிட்டியிடம் கட்டலாம். பாக்கி விட்டால் மட்டும் வெளியேற்ற நீங்களே வழி திறந்துவிட்டதாகும்.

நேர்காணல் | நவம்பர் 14, மாலை 4.20

வீடு அந்த அம்மா பேரில் இருந்து, அந்த அம்மாவே முதலில் போனால்?

கிரயம் | நவம்பர் 14, இரவு 9.30

இன்னும் மோசம். இறந்த கணவர் வழியில் வந்த வீடு, பிள்ளையும் இல்லை, உயிலும் இல்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15(2)(b)இன்படி முதல் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். முப்பது வருஷம் எட்டிப் பார்க்காத கொழுந்தன் வந்து கதவைத் தட்டுவார். கூட இருந்து பார்த்துக்கொண்ட ஆளுக்குச் சட்டத்தில் பேரே இல்லை. உயில் எழுதினால் இந்தப் பிரிவு வேலை செய்யாது. ஆகவே வீடு யார் பேரில் இருந்தாலும் உயில் இருவரும் எழுத வேண்டும்.

இருவர் பேரிலும் கூட்டாக வாங்கியிருந்தாலும் நிம்மதி இல்லை. வங்கிக் கணக்கில் இருப்பதுபோல 'உயிரோடிருப்பவருக்கு' என்பது நம் ஊர் கிரயப் பத்திரத்தில் தானாக வராது. இறந்தவரின் பாதி அவர் வாரிசுக்குப் போகும், அவர்கள் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம்.

கிரயம் | நவம்பர் 15, காலை 6.40

துக்கம் நடந்த வீட்டில் முதல் சில நாட்களில் செய்ய வேண்டியது. காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவதில்தான் பலர் கெடுகிறார்கள்.

வீட்டைவிட்டு வராதீர்கள். 'பதினாறு நாள் எங்களோட வந்து இருங்கம்மா' என்பது அன்பாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒரு ஆளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். மூலப்பத்திரம் பீரோவிலிருந்து போய்விட்டால் பதறாதீர்கள், பத்திர எண் தெரிந்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும். பதிவான உயிலின் நகலுக்கு இறப்புச் சான்று காட்ட வேண்டும். தாசில்தாருக்கும் மாநகராட்சி வருவாய்ப் பிரிவுக்கும் உயில் நகலோடு ஆட்சேபணை மனு, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில். கோர்ட்டில் கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற மனு, அது 90 நாள் நிற்கும். அப்படியும் பூட்டை உடைத்து வெளியேற்றினால் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்கு. அதில் சொத்து யாருடையது என்று பார்க்க மாட்டார்கள், யார் இருந்தார்கள், சட்டப்படி வெளியேற்றினார்களா என்றுதான் பார்ப்பார்கள். மரியா மார்கரிடாவைச் சொல்லி அங்கேயும் எதிர்ப்பார்கள். குத்தகைப் பத்திரமோ உயிலோ கையில் இருந்தால் அந்த வாதம் எடுபடாது.

இருந்ததற்கு ஆதாரம்: ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியல், வங்கி பாஸ்புக், கேஸ் பில். வீட்டு வரி ரசீதில் யார் கட்டினாலும் உரிமையாளர் பேர்தான் வரும். பணம் உங்கள் கணக்கிலிருந்து போன வரியை ஸ்டேட்மென்ட்டில் காட்டினால்தான் அது சாட்சி.

மணல்மேடு | நவம்பர் 15, காலை 9.00

உத்தராகண்டில் சேர்ந்து வாழ்வதையே பதிவு செய்கிறார்களாமே. அங்கே குடிபோகலாமா?

கிரயம் | நவம்பர் 15, காலை 9.25

2025 ஜனவரியிலிருந்து பதிவு கட்டாயம். பதிவு செய்ததால் துணைக்கு வாரிசுரிமை வந்துவிடாது. குளிர்தான் மிச்சம்.

ஓய்வூதியச் சிக்கல் இல்லாதவர்களுக்கு இங்கேயே மலிவான வழி இருக்கிறது: இந்துத் திருமணச் சட்டம் 7ஏ பிரிவில் சுயமரியாதைத் திருமணம். மாலை இரண்டு, சாட்சிகள் இரண்டு, பிறகு திருமணப் பதிவு. அன்றிலிருந்து அந்த அம்மா முதல் வகுப்பு வாரிசு, மூன்று பிள்ளைகளோடு நாலில் ஒரு பங்கு. அப்போதும் பாகப்பிரிவினை வழக்கு வரலாம் என்பதால் ஆயுட்கால ஷரத்து வேண்டும்.

தட்டச்சு | 2025 நவம்பர் 20, இரவு 7.45

சென்னை நகர எல்லைக்குள் வீடு என்றால் உயிலுக்கு ப்ரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) கட்டாயம் என்று ஒருவரும் சொல்லவில்லையே? யாராவது எதிர்த்தால் அது டிஓஎஸ் (உயிலை நிரூபிக்கும் முழு வழக்கு) ஆகி வருஷக்கணக்கில் போகும்.

கிரயம் | நவம்பர் 20, இரவு 8.30

ஆமாம், விட்டுவிட்டேன். பழைய சென்னை எல்லைக்குள் இந்துக்களின் உயிலுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 213ஆம் பிரிவு. தாம்பரம், செங்கல்பட்டு என்றால் தேவையில்லை. சென்னைக்குள் உள்ளவர்களுக்குக் குத்தகை யோசனை இன்னும் அவசியம்.

கிரயம் | 2026 ஜனவரி 6, காலை 7.10

மேலே நவம்பர் 20இல் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். டிசம்பரில் நாடாளுமன்றம் 213ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. சென்னை வீட்டுக்கும் இனி ப்ரொபேட் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் வாங்கலாம். உயிலைப் பிள்ளைகள் மறுத்தால் சாட்சியைக் கூட்டிவந்து நிரூபிக்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

மாடிவீடு | 2026 ஜனவரி 6, இரவு 9.20

உயில் வரைவு, குத்தகை வரைவு இரண்டும் தயார். சாட்சிக்கு 38 வயதில் ஒரு பல் டாக்டர் கிடைத்திருக்கிறார். பல் டாக்டர் மனநிலைச் சான்று கொடுக்கலாமா?

கிரயம் | ஜனவரி 6, இரவு 9.31

சாட்சிக்கு அவர் போதும். சான்றுக்கு சுகரும் பிரஷரும் பார்க்கும் டாக்டரிடம் போங்கள், அதே தேதியில். மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா?

மாடிவீடு | ஜனவரி 6, இரவு 9.33

மாடியில். நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார்.